பெரிய டயருக்கு கிரவுன்-பினியனை மாற்றலாமா?

கேள்வி: ‘‘கொல்லிமலையில் வாழையும் மிளகும் சாகுபடி செய்கிறேன். தோட்டத்துப் பாதையில் அடிப்பகுதி கல்லில் இடிப்பதால், பிக்அப்புக்கு ரிம்மோடு சேர்த்துப் பெரிய டயர் மாட்டினேன். பழையது 215/75 ஆர் 15. புதியது 265/75 ஆர் 15. இப்போது உரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் வண்டி திணறுகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. கிரவுன்-பினியனை மாற்றினால் பழைய இழுவை வந்துவிடும் என்கிறார் மெக்கானிக். இப்போது இருப்பது 41-க்கு 10 பல். எந்த அளவு போட வேண்டும்?’’

– ஒரு வாசகர், கொல்லிமலை.

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வது இழுவையைப் பொறுத்தவரை சரி. ஆனால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்குகிற வண்டிக்கு இழுவை மட்டும் போதாது. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

டயரில் உள்ள முதல் எண், அகலம் (மி.மீ.). இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண், ரிம்மின் விட்டம் (அங்குலம்). 15 அங்குலம் என்பது 38.1 செ.மீ. அதோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்களைக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் கிடைக்கும். அதன்படி, உங்கள் பழைய டயரின் உயரம் 70.35 செ.மீ, புதியது 77.85 செ.மீ. அதாவது, சுமார் 10.7 சதவிகிதம் கூடுதல்.

41-க்கு 10 என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சக்கரம் பெரிதானதால், அதே ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகிறது. 4.10-ஐ 1.107-ஆல் வகுத்தால் 3.70 வரும். பழைய டயரை வைத்துக்கொண்டு, 41-க்கு 11 பல் (3.73) உள்ள கிரவுன்-பினியனை மாட்டியதுபோலத்தான் உங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. சமதளத்தில் வேகமாக ஓட உதவும் அளவு அது. மலை ஏறுவதற்கானது அல்ல.

இதனால், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தின் இழுவிசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. லோடோடு வண்டியின் மொத்த எடை 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்பு எந்தக் கியரில், எந்த ஏற்றத்தில் அந்த எடையை இழுத்ததோ, அதே கியரில் அதே ஏற்றத்தில் இப்போது சுமார் 2,260 கிலோவைத்தான் இழுக்கும். கிட்டத்தட்ட ஐந்து 50 கிலோ மூட்டைகளைக் குறைத்துக்கொள்வதற்குச் சமம். அதை ஈடுகட்ட கிளட்சை மிதித்தே ஓட்டினால், கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதற்கு மீட்டரும் ஒரு காரணம். அது 100 கி.மீ காட்டும்போது நீங்கள் உண்மையில் சுமார் 111 கி.மீ ஓடியிருப்பீர்கள். 50 கி.மீ வேகம் காட்டினால், உண்மையான வேகம் 55. மலைப்பாதையில் இது தெரியாமல் ஓட்டுவது ஆபத்து.

எந்த அளவு பொருந்தும்?

பழைய 4.10-ஐ 1.107-ஆல் பெருக்கினால் 4.54 வரும். 41-க்கு 9 பல் (4.56) கிட்டத்தட்ட அதேதான். உங்கள் ஆக்சிலுக்கு அந்த ஜோடி கிடைத்தால் இழுவை பழையபடி வந்துவிடும். மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வண்டியாக இருந்தால், அதுவும் சரியாகிவிடும். சக்கரத்தில் உள்ள சென்சாரிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் வண்டியில் மீட்டரைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

* கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் சரியாகப் பொருந்தாது.

* பினியனின் ஆழம், பற்களுக்கு இடையிலான விளையாட்டு, பேரிங் இறுக்கம் மூன்றையும் அளந்து வைக்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கண்மதிப்பில் மாட்டினால் சில நாள்களிலேயே ஊளைச் சத்தம் வரும்; பிறகு பல் உடையும்.

* நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேதமாகும்.

* முதல் 30 கி.மீ ஓடியதும் நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 800 கி.மீ வரை பாதி லோடு போதும். பிறகு, கம்பெனிக் கையேட்டில் சொன்ன தரத்தில் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கிரவுன்-பினியன் சரிசெய்யாதவை

மலையில் விளைச்சலை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. டயர் உயரமானதால், அதே அளவு பிரேக் மிதித்தாலும் சாலையில் கிடைக்கும் பிடிப்பு விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. கிரவுன்-பினியனை மாற்றினால் என்ஜின் பிரேக் திரும்ப வரும். கால் பிரேக்கின் பலம் வராது. அதைத் தயாரித்தவர்கள் பழைய டயரின் உயரத்தைக் கணக்கிட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தொடர்ந்து மிதித்து இறங்கினால் பிரேக் சூடாகி, தேவையான நேரத்தில் பிடிக்காமல் போகும்.

வண்டியும் 3.75 செ.மீ உயர்ந்துவிட்டது. வாழைத்தார்களை உயரமாக அடுக்கிக்கொண்டு வளைவில் திரும்பும்போது, சாயும் வாய்ப்பு அதனால் கூடும். டயரின் கூடுதல் எடையும் அகலமும் சக்கர பேரிங்கையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும் சீக்கிரம் தேய்க்கும்.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து நடந்தால், இழப்பீடு கேட்கும்போது டயர் அளவே பெரிய சிக்கலாகலாம்.

என்ன செய்யலாம்?

லோடு அடிக்கும் உங்கள் பிக்அப்புக்கு என் பரிந்துரை, பழைய அளவுக்கே திரும்புவதுதான். அதே 215/75 ஆர் 15 அளவில், பட்டன் ஆழமாக உள்ள, வண்டிக்குக் குறிப்பிட்ட சுமைக் குறியீட்டுக்குக் குறையாத டயரை வாங்குங்கள். சேற்றிலும் கல்லிலும் பிடிப்புக் கிடைக்கும். இவ்வளவு செலவு செய்தும் பெரிய டயர் உங்களுக்குக் கொடுத்த கூடுதல் இடைவெளி ஒன்றரை அங்குலம்தான். தோட்டத்துப் பாதையில் இடிக்கும் இரண்டு, மூன்று இடங்களில் மேட்டை வெட்டி, பள்ளத்தில் கல் அடுக்கினால் அந்த உயரம் கிடைத்துவிடும்.

உங்கள் மாடலுக்கே வேறு டயர் அளவை நிறுவனம் அனுமதித்திருக்கிறதா, அந்த ரகத்தில் எத்தனை பல் கிரவுன்-பினியன் வருகிறது என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அப்படி ஒரு ரகம் இருந்தால், டயர், கிரவுன்-பினியன், பிரேக் மூன்றும் சேர்ந்தே மாறியிருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பொருத்தாதீர்கள்.

பழைய டயர் மாட்டும் வரை லோடைக் குறைத்து ஏற்றுங்கள். இறங்கும்போது முன்பு பயன்படுத்தியதைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். வளைவுக்கு வந்த பிறகு அல்ல, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.