உயிரைக் காத்தோம்; மனிதனைக் கைவிட்டோம்!

தலையிற் படுகாயமுற்றவனின் உயிரை மருத்துவமனை காக்கிறது. அதற்காக மருத்துவரையும் தாதியரையும் வாழ்த்துவோம். ஆனால், 'டிக்கட்' வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அன்றே கடமை முடிந்ததென அரசும் ஊரும் கைகழுவி விடுவது எந்த நியாயம்?

வரிப்பத்தான்சேனையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஓர் உழவனை எண்ணிப் பாருங்கள். தையல் ஆறிவிட்டது, கைகால் அசைகின்றன. "சுகமாகிவிட்டான்" என்கிறது ஊர். அவன் மனைவியோ வேறொரு மனிதனைக் காண்கிறாள். காலையிற் சொன்னதை நண்பகலில் மறக்கிறான், சிற்றோசைக்கும் சீறுகிறான், மண்வெட்டியைக் கையிற் கொடுத்தாலும் வேலையைத் தொடங்கத் தெரியாது நிற்கிறான். மூளையின் முன்பகுதி அடிபட்டால் சினத்தை அடக்கும் ஆற்றலும் செயலைத் தொடங்கும் ஆற்றலும் குன்றும். இது மருத்துவம் கண்ட உண்மை. ஊரார் சூட்டும் பெயர்களோ சோம்பேறி, பைத்தியம், ஜின் பிடித்தவன்!

"குடும்பம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்போர் உளர். குடும்பம் என்று இவர்கள் சொல்வது யாரை? ஒரே ஒரு பெண்ணை! அவளே தாதி, அவளே காவலாளி, அவளே உழைப்பாளி. இரவில் அவளுக்கு உறக்கமில்லை; பகலில் அவளுக்கு ஓய்வில்லை. அவளைப் பொறுமைசாலி எனப் புகழ்ந்துவிட்டு அகலுவது பண்பாடன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம்.

உழவர் பெருமக்களே! வட்டையில் வாய்க்கால் உடைந்தால், "உன் வயலருகே உடைந்தது, நீயே அடை" என்று ஒருவனை விட்டுவிடுகிறோமா? வட்டவிதானை குரல் கொடுக்க, மண்வெட்டியோடு எல்லோரும் திரள்கிறோம். வாய்க்காலுக்குள்ள முறை மனிதனுக்கு இல்லையா?

சட்டம் இல்லையென்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. புனர்வாழ்வுச் சேவை மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலே, கிராமங்களிலும், கிடைக்க வேண்டுமென அதன் 26ஆம் உறுப்புரை விதிக்கிறது. ராகமையிலே புனர்வாழ்வு மருத்துவமனை உண்டு. ஆனால் அது இத்தீவின் மறுகரையில் அன்றோ இருக்கிறது! நாட்கூலியை இழந்து, பஸ் ஏறி, எத்தனை முறைதான் செல்வாள் அந்த ஏழைப் பெண்?

ஆகவே கேட்கிறோம். பிரதேச மட்டத்திலேயே உடற்பயிற்சிச் சிகிச்சையும் பேச்சுச் சிகிச்சையும் வேண்டும். பேச்சை இழந்தவனுக்கு அவன் தாய்மொழியிலேயே பேச்சை மீட்டுத் தரவேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது ஏட்டில் எழுதிவைப்பதற்கு மட்டுந்தானா?

அரசை மட்டும் ஏசி நாம் தப்பவும் முடியாது. இங்கிலாந்திலே இத்தகைய குடும்பங்கள் ஒன்றுகூடி 1979இல் 'ஹெட்வே' என்னும் சங்கத்தைக் கண்டன. அவர்களாற் கூடியது நம்மாற் கூடாதா? பள்ளிவாசல் நிருவாகமும் விவசாய அமைப்பும் மாதர் சங்கமும் சேர்ந்து வாரம் ஒருநாள் ஓரிடம் ஒதுக்கட்டும். ஆசிரியர்களும் மருத்துவத் துறையினரும் அங்கு வந்து இக்காயத்தின் இயல்பை விளக்கட்டும். நோயாளியோடு முறைவைத்து அயலார் அமரட்டும். அந்த அரைநாளேனும் அப்பெண் கண்ணயரட்டும்.

அடிபட்ட மூளை முதல் மாதங்களில் விரைவாகவும், பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லவும் தேறும். அது தேறும்வரை காத்திருக்க ஒரு பெண்ணின் தோள் மட்டும் போதாது. ஊரின் தோள் வேண்டும். கொடுப்போமா?