வானில் வரும் பொதிகளும் தரையில் வாழும் மக்களும்

ஆளில்லா விமானம் என்றதும் யுத்தகளத்தின் நினைவே எம்மவர் மனதில் எழுவது வழக்கம். இன்றோ அவை கடைப் பொருட்களைச் சுமந்து வீட்டு முற்றங்களுக்கு வரத் தொடங்கியுள்ளன.

ருவண்டாவில் 2016 ஒக்டோபரில் ஸிப்லைன் நிறுவனம் ட்ரோன்கள் மூலம் தூரத்து வைத்தியசாலைகளுக்கு இரத்தம் விநியோகிக்க ஆரம்பித்தது. குன்றுகள் நிறைந்த அந்நாட்டில், வீதி வழியே மணித்தியாலக் கணக்கில் நீண்ட பயணம் நிமிடங்களாகச் சுருங்கியது. பிரசவத்தின்போது இரத்தப்போக்குக்கு உள்ளாகும் தாய்க்கு அந்நிமிடங்களின் பெறுமதி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, இத்தொழில்நுட்பத்தை அடியோடு நிராகரிப்பது விவேகமாகாது.

எனினும், ஆபத்தையும் மறந்துவிடலாகாது. 2022 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அருகே விங் நிறுவனத்தின் ட்ரோன் ஒன்று மின்கம்பிகள் மீது வீழ்ந்ததால் சுமார் 2,000 பாவனையாளர்களுக்கு மின்சாரம் தடைப்பட்டது. 2025 ஒக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனாவில் அமேசன் நிறுவனத்தின் இரண்டு ட்ரோன்கள் ஒரே பாரந்தூக்கியில் மோதி வீழ்ந்தன. 5 இறாத்தல் பொதியைச் சுமப்பதற்காக, சுமார் 80 இறாத்தல் நிறையுடைய இயந்திரம் மக்களின் தலைக்கு மேலாகப் பறக்கின்றது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு விதிகள், 55 இறாத்தலுக்குக் குறைந்த ட்ரோன்கள் பொதுவாக 400 அடி உயரத்தை விஞ்சாமலும் இயக்குபவரின் பார்வைக்குள்ளும் பறக்க வேண்டும் என வரையறுத்தன. விநியோக நிறுவனங்கள் விசேட அனுமதிகளைப் பெற்றே இயங்கின. 2025 ஓகஸ்டில் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் முன்வைத்த வரைவோ, பார்வைக்கு அப்பாலான பறப்பைப் பொது விதியாக்க முனைந்தது. தமது ட்ரோன் தரநியமங்களுக்கு அமைவானது என உற்பத்தியாளரே பிரகடனம் செய்ய, நிர்வாகம் அதனை ஏற்றுக்கொள்ளும் முறையும் அதில் உண்டு.

எமது கரிசனை இங்குதான் எழுகின்றது. இலாபத்தை நாடும் நிறுவனமே தனது பொருளுக்கு நற்சான்று வழங்குமாயின், அதனைக் கேள்விக்குட்படுத்தப்போவது யார்? பொதியைப் பெறுபவர் ஆபத்தைத் தாமே தெரிவு செய்கின்றார். பறக்கும் பாதையின் கீழ் வாழும் அயலவருக்கு அத்தெரிவு இல்லை. சுயாதீனப் பரிசோதனை, விபத்து விசாரணை முடிவுகளைப் பகிரங்கப்படுத்தல், பாதிக்கப்பட்டோருக்கு உரிய இழப்பீடு ஆகிய மூன்றும் உறுதிப்படுத்தப்படாமல் அனுமதி வழங்குவது முறையன்று.

எமது நாட்டில் 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் ட்ரோன்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. அன்று தேசிய பாதுகாப்பே முதன்மை பெற்றது. வர்த்தக ட்ரோன்கள் எமது வானுக்கும் வருமாயின், சாதாரண குடிமகனின் பாதுகாப்புக்கும் அதே முதன்மை வழங்கப்படல் வேண்டும். விபத்து நேர்ந்த பின்னர் சட்டம் இயற்றுவதிலும், வேற்று நாட்டாரின் அனுபவத்திலிருந்து முன்கூட்டியே பாடம் கற்பதே அறிவுடைமை.