ஊசி எங்கே இருக்கு?

ஒரகடம்னா கார் கம்பெனிதானேங்கிறீங்களா? பக்கத்துல வடக்குப்பட்டுல 2022-ல மத்திய தொல்லியல் துறை தோண்டினப்போ கல் கருவிகளோட கண்ணாடி மணிகளும் கிடைச்சுது பாஸ்! அந்த மாதிரி மணியை அதே சைஸுல களிமண்ல மாடல் செய்ய ஆசையா? 10 மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ் வாங்க ஓடாதீங்க. மணியிலிருந்து 2.5 செ.மீ. தூரத்துல வெச்சாதான் அதுல தெளிவாத் தெரியும். ஊசி பிடிச்ச கை எங்கே நுழையும்?

செல்போனை ஸ்டாண்டுல ஒரு சாண் உயரத்துல மாட்டுங்க. கேமராவை ஜூம் பண்ணி, ஸ்கிரீனைப் பார்த்தே ஓட்டை போடுங்க. ஒரே வில்லங்கம், ஸ்கிரீன்ல ஆழம் தெரியாது. முதல் மணி நசுங்கிடும், கவலைப்படாதீங்க! டேபிள் லைட்டைப் பக்கவாட்டுல சாய்ச்சு வைங்க. ஊசி முனையும் அதோட நிழலும் எப்போ ஒட்டுதோ, அப்போதான் ஊசி மணியைத் தொடுது.