ஒரே குஞ்சுக்கு இரண்டு முடிவா?

கேள்வி: பொரிப்பகத்தில் விலை பேசிய இறால் குஞ்சுகளை இரண்டு ஆய்வகங்களில் பி.சி.ஆர். பரிசோதனைக்குக் கொடுத்தேன். வெண்புள்ளி வைரஸ் ஒன்றில் 'இல்லை', மற்றொன்றில் 'உள்ளது'. எதை நம்புவது?
– இறால் பண்ணையாளர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: 'உள்ளது' என்று ஒரு முடிவு வந்திருக்கும்போது அந்தக் குஞ்சுகளைக் குளத்தில் விட வேண்டாம். வெண்புள்ளி நோய்க்கு மருந்து கிடையாது. நோய் தென்பட்ட 3 முதல் 10 நாட்களில் குளமே காலியாகிவிடலாம்.

இரண்டு முடிவும் சரியாகவே இருக்கலாம். 100 குஞ்சில் 2க்கு மட்டும் வைரஸ் இருந்தால், 20 குஞ்சு எடுத்துச் சோதிக்கும்போது மூன்றில் இரண்டு முறை அது தப்பிவிடும். 150 குஞ்சு எடுத்தால் ஒன்றாவது சிக்க 95 சதவீதம் வாய்ப்பு உண்டு.

ஆய்வகத்திலும் தவறு நேரலாம். வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் தெரியாமல் போகும். முந்தைய மாதிரியின் துளி கலந்தால் இல்லாத வைரஸ் இருப்பதாகக் காட்டும். இதைக் கண்டறியவே ஆய்வகங்களுக்குத் திறனறிச் சோதனை உண்டு. வெளியிலிருந்து, எண் மட்டும் எழுதிய மாதிரிகள் வரும். சிலவற்றில் வைரஸ் அதிகம், சிலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. எதில் எது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை:

1. கடைசியாக எப்போது திறனறிச் சோதனையில் கலந்துகொண்டீர்கள்? முடிவு என்ன?
2. என்.ஏ.பி.எல். தரச்சான்றின் பட்டியலில் இறால் வைரஸ் பி.சி.ஆர். இருக்கிறதா? மண், தண்ணீர்ப் பரிசோதனைக்கு வாங்கிய சான்று இதற்குப் பொருந்தாது.
3. ஒவ்வொரு முறையும் வைரஸ் உள்ள மாதிரி ஒன்றும், இல்லாத மாதிரி ஒன்றும் சேர்த்து ஓட்டுகிறீர்களா?

தயங்காமல் பதில் சொல்லும் ஆய்வகத்திலேயே குஞ்சைக் கொடுங்கள்.