கருமுகமும் ஒளிமானியும்

பனமலைக்குக் கல்விச் சுற்றுலா வந்த நம் துறை மாணவர்கள், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் குடைநிழலில் ஒசிந்து நிற்கும் உமையின் ஓவியத்தைக் கண்டு வியந்து கீழிறங்கினர். ஏரிக்கரையில் அரிவாள் மூக்கன்கள் இரை தேடிக்கொண்டிருந்தன. உடல் வெள்ளை, தலையும் கழுத்தும் அலகும் கருமை. (சங்கச் சான்றோர் பாடிய அன்றில் இதுதானா என்னும் வழக்கை இங்குத் தொடங்க விரும்பவில்லை.) மாணவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களை நோக்கினோம். உடல் சுண்ணாம்புத் திட்டு, தலை கரித்திட்டு, கண்ணையே காணோம். "பறவையே கறுப்பு, ஐயா! நாங்கள் என்ன செய்வது?" என்றான் ஒருவன். அவ்விடை நமக்கு உடன்பாடன்று.

பிழை கருவியின் கணக்கில் உள்ளது. எதிர்ப்படும் காட்சி எதுவாயினும், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே ஒளிமானி கொள்ளும். பின்னால் வெளுத்த வானமோ மின்னும் நீரோ இருப்பின், ஒளி மிகுதியென்று குறைத்துவிடும், கருமுகம் இருண்டொழியும். அவ்விடத்தில் ஒன்றிரண்டு படி கூட்டுதல் வேண்டும். கருமுகமே படம் முழுதும் நிரம்பினாலோ, கருவி கருமையைச் சாம்பலாக்கும். அங்கே குறைத்தல் வேண்டும். அரிவாள் மூக்கனிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைக்காகக் கூட்டினால் வெண்ணிறகின் வரிகள் மறையும். எனவே உச்சிவெயில் ஆகாது. இளங்காலையோ, மெல்லிய முகில் பரந்த வானமோ வாய்க்கும்வரை காத்திருத்தலே வழி.

ஆனைமலைக் காடுகளில் வாழும் சோலைமந்தி இதனினும் கடினம். கரிய முகம், சுற்றிலும் நரைத்த பிடரி, தலைக்குமேல் இலையிடுக்கில் கண்கூசும் வானம். படம் தெளிவாக வேண்டுமென்று ரொட்டித்துண்டு எறிந்து அதனைச் சாலைக்கு இறக்குவோரை நாம் மன்னிப்பதற்கில்லை. வால்பாறைப் பகுதியில் வண்டிகளில் அடிபட்டு மாண்ட மந்திகள் உண்டு. படத்தைப் பின்னர் வெளுப்பாக்கி முகத்தைச் சாம்பல் பூசியதுபோற் செய்வதும் பொய்யே. முசுவின் முகத்துக்கு மையை உவமையாக்கிய கபிலருக்குக் கருமை குறையாகத் தோன்றவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார். நிறத்தின் துணையின்றி, ஒளியின் ஏற்றத்தாழ்வு ஒன்றையே நம்பிய கலை அது.

இதனை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் துறைக் குழுப்படம் நண்பகலில் எடுக்கப்பட்டது. பின்வரிசைக் கறுத்த முகங்கள் இருளில் மூழ்கின. படநிலையத்தார் அவற்றுக்கு வெள்ளை பூசித் தந்தனர். அப்படத்தைக் கண்ட ஒரு மாணவனின் தாயார், "இதில் என் பிள்ளை எங்கே?" என்று நம்மிடமே கேட்டார். விரல் வைத்துக் காட்ட நமக்கும் சற்று நேரமாயிற்று.

இவ்வாண்டுக் குழுப்படத்தைக் காலை எட்டு மணிக்கு, வேப்பமர நிழலில் எடுக்கச் சொல்லியுள்ளோம்.