ஆங்கிலனின் ஆறாம் வேற்றுமை

தமிழிலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையின் கிழமைப்பொருள் இரு வகைப்படும். 'எனது கை' என்பது தற்கிழமை, பிரிக்க வொண்ணாதது. 'எனது பொன்' என்பது பிறிதின்கிழமை. இன்று ஒருவனிடத்து, நாளை மற்றொருவனிடத்து. இவ் வேறுபாட்டை அறியாதார் உலகில் உளரெனின் அவர் ஆங்கிலரே! அயலானின் பொன்னைத் தன் கையென்றே கருதுவது அவர்தம் இயல்பு.

'எனக்குத் தம்பி உண்டு', 'எனக்குக் காய்ச்சல்' என்பான் தமிழன். அவனுக்கு நான்காம் வேற்றுமை போதும். ஆங்கிலனோ தம்பியையும் உடையான், காய்ச்சலையும் உடையான்! காய்ச்சலுக்கே உடைமைச் சீட்டு எழுதியவன் கடலை விட்டுவைப்பானா? கடலையும் உடைமையாக்கலாம் என்று 1635-இலேயே செல்டன் என்னும் ஆங்கிலன் நூலெழுதினான். அந் நூலுக்கு உரை எழுதப்பட்ட இடங்களுள் ஒன்று காயற் கடற்கரை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காயல் துறையை வியந்தான். முத்தில் பாண்டியன் கொண்ட பங்கு பத்திலொன்று என்றும் குறித்தான். ஆங்கிலராட்சியிலோ தூத்துக்குடிச் சலாபத்தில் சிப்பிகள் மூன்று கூறாயின. இரண்டு கூறு அரசுக்கு, ஒன்றே குளியாளர்க்கு. மூச்சடக்கி மூழ்கியவர் பரதவரும் இசுலாமியரும். சுறாவின் வாய்க்கு முன் நின்றவரும் அவரே. கால் நனையாதவனுக்கு மூன்றில் இரண்டு!

சங்கும் தப்பவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக்கு நீரிணைச் சங்குப் படுகையில் பிறர் சங்கெடுத்தல் களவே என்று சென்னை உயர்வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது. அந் நீரிணையின் பெயரே, 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநனாயிருந்த இராபர்ட்டு பாக்கின் பெயர். தமிழன் அதனை வெற்றிலைக்குத் துணையான பாக்கென எண்ணி இன்னும் மென்றுகொண்டிருக்கிறான்!

மன்னார்க் கடலின் மறுகரையில் 1906-இல், ஆங்கிலக் குழுமமொன்று இலங்கையின் முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பிகள் குத்தகைச் சீட்டைப் படித்தில, பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன் குழுமமே மூழ்கிற்று. குளியாளன் மூழ்கினால் எழுவான். உடைமைச் செருக்கன் மூழ்கினால் எழான்.

1947-இல் ஆங்கிலன் போனான். 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் நின்றது. நில்லாதது அவன் மொழியின் ஆட்சி ஒன்றே. 'இவர் இரு மக்களைக் கொண்டிருக்கிறார்' என்று தமிழ்த் தாள்களே எழுதுகின்றன. மக்கள் என்ன, சரக்கா? பிறிதின்கிழமையாகக் கற்க வேண்டிய அயன்மொழி தமிழனுக்குத் தற்கிழமையாயிற்று, தாய்மொழி பிறிதின்கிழமையாயிற்று. அம் மொழி தன் உடைமை என்று அவன் செருக்குகிறான். அவனே அதன் உடைமை என்பதை உணரான்.

காயற்பட்டினத்து இசுலாமியரைக் காண்க! அவர்தம் மறை அரபு மொழியில் உள்ளது. அரபு நாட்டோடு அவர்தம் வாணிகமோ பல நூற்றாண்டுத் தொன்மையது. ஆயினும் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழாலன்றோ அவர் வழங்குகின்றனர்! நெறியைக் கொண்டார், மொழியைக் கொடுத்திலர். ஆங்கிலனிடம் வெறும் அலுவலைப் பெற்றவனோ நாவையே ஈடுவைத்தான்.

கடலடி முத்து போனது போகட்டும். நாவடி முத்தையேனும் பொன்னென்று விற்காமல், கையென்று காப்பானாக தமிழன்!