ஆயிரம் யென் தாண்டினால் குற்றமா?

டோக்கியோ சந்துகளிலே 'ராமென்' எனும் நூடுல்ஸ் கடைகள் ஏராளம். பத்துப் பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். வாசலில் எந்திரம், காசு போட்டால் சீட்டு. சீட்டை நீட்டினால் ஆவி பறக்கக் கிண்ணம்! 'சர்'ரென்று உறிஞ்சலாம், அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல.

இந்தக் கடைகளுக்குத்தான் ஆபத்து! கோதுமை, பன்றி இறைச்சி, எரிவாயு எல்லாம் விலை ஏறிப்போச்சு. 2024 ஜூலையில் புது நோட்டு வந்தது. எந்திரத்தை மாற்றவும் கைக்காசு. ஆனால் கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கைக்காரர் முகம் சுளிக்கிறார். 'டெய்கோகு டேட்டாபேங்க்' கணக்குப்படி அந்த ஆண்டில் 72 கடைகள் திவால்!

எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிறவனுக்குக் கூலி யார் தருவது? சாப்பிடுகிறவர்தானே! நூறு யென் கூடக் கொடுத்தால் குடி முழுகாது. கடை மூடியபின் 'அந்த ருசி போச்சே' என்று புலம்பி என்ன பயன்?